மெதுவாகக் கேட்க ஒரு ஜோடி

அடுக்குமாடி வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் முதலில் செய்கிற தவறு, பெரிதாக வாங்குவது. பெரிய பெட்டி சத்தமாக வைத்தால்தான் வாயைத் திறக்கும். மெதுவாக வைத்தால் பாடுகிறவர் போர்வைக்குள் படுத்துக்கொண்டு பாடுவது போல இருக்கும். சின்ன அறையில் சன்னமாகக் கேட்க நினைப்பவர் சின்னப் பெட்டியாகப் பார்த்து வாங்கி, நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். யார் கேட்டாலும் இதைச் சொல்வேன். உங்களுக்கும் சொல்கிறேன், மேடம்.

நீங்கள் கேட்டது இதையல்ல என்று தெரியும். அந்தப் பிளாஸ்டிக் உறையை மேசையில் வைத்து, உள்ளே இருக்கும் இரண்டு காது மிஷின்களைக் காட்டி, "இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டீர்கள். சொல்லாமல் இருக்கப் போவதில்லை. ஆனால் ஸ்பீக்கரிலிருந்து ஆரம்பித்தால்தான் என் நியாயம் உங்களுக்குப் பிடிபடும்.

இருபத்து மூன்று வருடமாக ஒரு காது மருத்துவமனையில் செவிச் சோதனை செய்கிறேன். சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, வெளியே இருந்து பீப் பீப் என்று ஒலி அனுப்புவேன். கேட்டால் பித்தானை அழுத்த வேண்டும். கேட்காதவர்களுக்குக் காது மிஷின் பொருத்துவதும் நான்தான். நாளெல்லாம் காது கேட்காதவர்களிடம் கத்திப் பேசிவிட்டு வருகிறவனுக்கு, வீட்டுக்கு வந்தால் ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. மாலை ஆறரை மணிக்கு ஒரு நாற்காலி, கொஞ்சம் இசை. ஹெட்போனில் கேட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். ஹெட்போன் எனக்கு வேலை. பல் டாக்டர் வீட்டுக்குப் போய்ப் பொழுதுபோக்காகப் பல் பிடுங்குவாரா?

என் மனைவி அவளுடைய அக்கா வீட்டோடு போய் ஐந்து வருடமாகிறது. சண்டை சச்சரவு எதுவும் இல்லை. "இந்த வீட்ல இருமறதுக்குக்கூட உங்ககிட்ட கேட்டுக்க வேண்டியிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். எதையும் பெரிதுபடுத்துவது அவள் சுபாவம். இசை ஓடும்போது இருமாதே என்றுதான் சொல்லியிருந்தேன்.

அவள் போன பிறகு ஆறு சனிக்கிழமைகள் தொடர்ந்து ஒரே கடைக்குப் போனேன். கடைக்காரர் பருமனான மனிதர், சிரித்தால் அலமாரிக் கண்ணாடி அதிரும். என் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஜோடியைக் காட்டி, "இதைப் போட்டீங்கன்னா தெருவே ஆடும் சார்" என்றார்.

"தெரு ஆட வேண்டாம். என் டீ டம்ளர்கூட ஆடக் கூடாது."

"சத்தமே வேண்டாம்னா ஸ்பீக்கர் எதுக்கு சார்?" என்று கேட்டுவிட்டு அலமாரியை அதிர வைத்தார்.

ஆறாவது வாரம் கிடைத்தது. இரண்டு தடித்த அகராதிகளை அடுக்கிய அளவு, பழுப்பு மரப்பெட்டி. பின்பக்கம் ஓட்டை கிடையாது. இது முக்கியம். ஓட்டை வைத்த பெட்டி கனத்த ஒலியைச் சுவருக்குள் தள்ளிவிடும். கீச்சென்ற சத்தம் சுவரில் முட்டி நின்றுவிடும், மேடம். கனத்த சத்தம்தான் கான்கிரீட்டுக்குள் நடந்து பக்கத்து வீட்டுக்குப் போகும். பெட்டிகளைத் தாங்கிகளில் நிறுத்தி, அடியில் ரப்பர் வில்லைகள் வைத்தேன். சுவரை விட்டு மூன்றடி தள்ளினேன். தரையில் இரட்டைக் கம்பளம் விரித்தேன். மருத்துவமனையிலிருந்து ஒலி அளக்கும் கருவியைக் கொண்டுவந்து என் காதருகே பிடித்துப் பார்த்தேன். நாம் இப்போது பேசுவதைவிடக் குறைவு. அந்தக் கட்டடத்தில் அக்கம்பக்கத்தை இந்த அளவுக்கு நினைத்துப் பார்த்தவர் வேறு யாரும் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்கு நேர் கீழ் வீட்டில் டீச்சரம்மா இருந்தார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்து மூன்று வயது, தனி ஆள். ஒரே மகள் வெளியூரில். மாலை நேரத்தில் நாலைந்து பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பார். காது மந்தம். அவர் வீட்டு டிவி சத்தம் மாடிப்படி முழுக்கக் கேட்கும். நானாகப் பேசி, மருத்துவமனைக்கு அழைத்துப்போய், சோதனை செய்து, இரண்டு காதுக்கும் மிஷின் பொருத்தினேன். டிவி சத்தம் குறையுமே என்பதும் ஒரு காரணம்தான், மறைக்கவில்லை. ஆனால் வேலையை மனசாரச் செய்தேன். மெல்லிய சத்தங்களைத் தூக்கிக் கொடுக்கும்படி, மூன்று தடவை வரச்சொல்லி, நுணுக்கி நுணுக்கிச் சரிசெய்தேன்.

முதல் நாள் மிஷினோடு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நடந்தவர் நின்று குனிந்து பார்த்தார். "என் செருப்புக்கு சத்தம் இருக்கே தம்பி," என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு வாரம் கழித்து மாடிப்படியில் பார்த்தேன்.

"நேத்து சாயந்திரம் வயலின் போட்டீங்களே தம்பி. ரொம்ப நல்லா இருந்துச்சு."

"உங்களுக்குத் தொந்தரவா இருந்தா மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"தொந்தரவா? நல்ல கதை. டிவிய அணைச்சிட்டு உக்காந்து கேட்டேன்."

அவர் ஒரு நாளும் புகார் சொன்னதில்லை. அவர் மகளிடம் நீங்கள் எப்படி விசாரித்தீர்களோ தெரியாது, எங்களுக்குள் மனஸ்தாபம் என்று எழுதினால் அது பொய். புகார் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். புகாருக்குப் பதில் உண்டு.

அன்று முதல் இன்னும் குறைத்தேன். நாற்காலியை முன்னால் இழுத்தேன். மூன்றாவது கம்பளம் வாங்கினேன். அவர் மகள் வீட்டுக்குப் போயிருந்த ஒரு வாரம், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி மாற்றுச் சாவியைக் கொடுத்திருந்தார். மேலே இசையை ஓடவிட்டு, அளக்கும் கருவியோடு கீழே போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். ஃப்ரிட்ஜ் முனகல் தவிர ஒன்றும் இல்லை. சாதாரணக் காதுக்கு எதுவும் கேட்காது. அவருடைய காது சாதாரணக் காது இல்லை. நான் செய்த காது.

திரும்பி வந்தவர் படியில் பார்க்கும்போதெல்லாம் பேசினார். "நேத்து ஏன் பாதியிலயே நிறுத்திட்டீங்க?" என்பார். "பியானோ புதுசா? முந்தி கேட்டதில்லையே" என்பார். வாட்ச்மேன் பக்கத்தில் நிற்கும்போது, "எங்க மாடி வீட்டுத் தம்பிக்கு ரசனை அதிகம்" என்பார். நான் சிரித்துவிட்டு மேலே வந்து கதவைத் தாழிடுவேன். நாற்காலியில் உட்கார்ந்தால் கீழே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது மட்டும்தான் கேட்கும். குளித்துக்கொண்டிருக்கும்போது யாரோ ஜன்னலுக்கு வெளியே நின்று, நன்றாகத்தான் குளிக்கிறீர்கள் என்று பாராட்டினால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு தட்டில் பிஸ்கட்டோடு மேலே வந்தார். வாசலிலேயே நின்று, ரகசியம் போல மெதுவாகச் சொன்னார். "அந்த மெதுவான வயலினை நீங்க மூணு தடவ போட்டீங்கன்னா, அன்னைக்கு உங்களுக்கு மனசு சரியில்லைன்னு தெரிஞ்சுக்குவேன் தம்பி. வீட்டம்மாவ நெனச்சுக்குவீங்க போல. அழுதா தப்பில்ல. நானும் கீழ இருந்து உங்களுக்காக வேண்டிக்குவேன்."

நான் அழுவது என் மனைவிக்கே தெரியாது. பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன்.

மறுநாள் அவரைப் பார்த்து, "மிஷினை ஒரு தடவ செக் பண்ணிடலாம் டீச்சரம்மா, வந்துட்டுப் போங்க" என்றேன். நீங்கள் கேட்கிற தேதிகளில் முதலாவது அதுதான். மொத்தம் பதினொன்று, ஏழு மாதத்தில். ஒவ்வொரு தடவை கம்ப்யூட்டரில் மாட்டும்போதும், எவ்வளவு கூட்டினோம், எவ்வளவு குறைத்தோம் என்பது தேதியோடு மிஷினுக்குள் பதிந்துவிடும். வேறு மருத்துவமனையில் கொடுத்து நீங்கள் எடுத்த தாள் அதுதான். எனக்கு அது தெரியும், மேடம். அழித்திருக்கலாம். அழிக்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. தப்பு செய்கிறவன்தானே அழிப்பான்.

முதல் தடவை கனத்த ஒலிகளை மட்டும் கொஞ்சம் குறைத்தேன். என் வயலின் போனால் போதும், மனிதர் பேச்சு நன்றாகக் கேட்கட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் சத்தத்தை அப்படிக் கத்தரித்து எடுக்க முடியாது. வயலினும் ஆண்குரலும் ஒரே இடத்தில்தான் குடியிருக்கின்றன. ஒரு வாரத்தில் அவரே வந்து, "தபால்காரர் பேசறது வாய்க்குள்ளயே இருக்கு தம்பி. ஆனா உங்க வயலின் மட்டும் லேசா கேக்குது, அது போதும்" என்றார். அதனால் இன்னும் குறைத்தேன்.

மூன்றாவது, நான்காவது தடவைகளில் சோதனைத் தாளில் உண்மையைவிட மோசமாக எழுத வேண்டியிருந்தது. அவர் அறைக்குள் உட்கார்ந்து, பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, சரியாகத்தான் பித்தானை அழுத்தினார். கணக்கு டீச்சர் இல்லையா, ஒரு பீப்பைக்கூடத் தவறவிட மாட்டார். வெளியே வந்ததும், "பாஸா, ஃபெயிலா?" என்று கேட்பார். "காது நரம்பு தளர்ந்துக்கிட்டு வருது டீச்சரம்மா. மிஷின்ல இதுக்கு மேல கூட்ட முடியாது" என்று சொன்னேன். எங்கள் டாக்டர் நல்லவர், அவசரக்காரர். நான் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

ஐந்தாவது தடவைக்குப் பிறகு டியூஷன் நின்றது. பிள்ளைகள் சொல்லும் விடை அவருக்குக் கேட்கவில்லை. சரியான விடையைத் தப்பு என்று சொல்லியிருக்கிறார். இரண்டு மூன்று தடவை அப்படி நடந்ததும் அவரே போதும் என்று நிறுத்திக்கொண்டார். மாலையில் பிள்ளைகளின் கூச்சல் இல்லாமல் போனது எல்லோருக்கும் நல்லதாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு நாள் தெருவில் பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது கேட்காமல், கைப்பிடி இடித்து முழங்கை சிராய்ந்து வந்தார். "இனிமே தனியா வெளிய போகாதீங்க" என்றேன். நல்ல யோசனை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். வாட்ச்மேன் காய்கறி வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தார்.

அவர் மகள் எனக்கு போன் செய்தது அதற்கப்புறம். "அண்ணா, அம்மா போன்ல சம்பந்தமே இல்லாம பதில் சொல்றாங்க. சாப்டியாம்மான்னு கேட்டா, நல்ல வெயில்ங்கறாங்க. மறதி நோய் ஏதாவது ஆரம்பிச்சிருக்குமா?"

"வயசு அப்படிம்மா. எதுக்கும் நான் பக்கத்துலதான இருக்கேன்" என்றேன்.

"நீங்க இருக்கறதாலதான் நான் இங்க நிம்மதியா தூங்கறேன்" என்றது அந்தப் பெண். அதையும் உங்களிடம் சொல்லியிருக்கும்.

டீச்சரம்மாவுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு தடவை சோதனை அறையை விட்டு எழுந்திருக்காமல், "எனக்குக் காது போகுதா, புத்தி போகுதா தம்பி? ஒளிக்காம சொல்லுங்க" என்று கேட்டார். அறையின் கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்து நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சமாதானமாக ஏதோ சொன்னேன். அன்று மாலை அந்த மெதுவான வயலினைப் போட்டேன். கீழே யாரும் இல்லாதது போல இருந்தது. எத்தனையோ மாதம் கழித்து முழுசாகக் கேட்டேன்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். நானும் முடிந்தது என்றுதான் இருந்தேன். பத்தாவது தடவை அவராகவே வந்தார். முகத்தில் ஒரு குறும்பு.

"ஒரு வழி கண்டுபிடிச்சிட்டேன் தம்பி. அலமாரிக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு ஏறி, காத்து வர்ற ஓட்டைகிட்ட காதை வெச்சா, உங்க வயலின் கேக்குது. இப்ப நாள் பூராவும் எனக்குக் கேக்கறது அது ஒண்ணுதான். சாயந்திரம் ஆறரை ஆச்சுன்னா ஏறிடறேன்."

எழுபத்து மூன்று வயது. உயரமான ஸ்டூல். ஏறாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் கேட்கிற ஆள் இல்லை. கேட்க எதுவும் இல்லையென்றால் ஏற மாட்டார் என்று தோன்றியது. அவருடைய பாதுகாப்புக்கும் அதுதான் வழி. அன்றைக்கு நிறையவே குறைத்தேன். அடுத்த வாரம் பதினொன்றாவது தடவை வரவழைத்து, மிச்சம் இருந்ததையும். அதற்குப் பிறகு அந்த மிஷின் காதில் பஞ்சு வைத்தது போலத்தான். என்னோடு தலையை ஆட்டி ஆட்டி, உதட்டைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார்.

ஆனாலும் அவர் ஏறினார். நான் எதிர்பார்க்காதது அது ஒன்றுதான். ஒன்றும் கேட்காவிட்டாலும், இன்றைக்காவது கேட்குமா என்று ஏறிக்கொண்டிருந்திருக்கிறார்.

சனிக்கிழமையைப் பற்றி முதலில் உங்களிடம் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். ஹெட்போனில் இருந்தேன், எதுவும் கேட்கவில்லை என்று சொன்னேன். நான் வீட்டில் ஹெட்போன் மாட்டுவதில்லை.

ஆறு ஐம்பதுக்கு ஸ்டூல் கால் தரையில் இழுபடும் சத்தம். பிறகு விழுந்த சத்தம். அரிசி மூட்டையை இறக்கி வைத்தது போல, கனமாக, ஒரே ஒரு தடவை. கான்கிரீட் வழியாக என் கம்பளங்களைத் தாண்டி உள்ளங்காலுக்கு வந்தது. இசையை நிறுத்தினேன். கவனமாகக் கேட்க வேண்டும் என்றுதான் நிறுத்தினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, "தம்பி" என்றார்.

எதிர் வீடு பூட்டியிருந்தது. வாட்ச்மேன் கேட்டருகே, ரோட்டு இரைச்சலில். அவர் போன் சமையலறை மேடையில் இருந்ததாக நீங்கள் சொல்லித்தான் தெரியும். அவர் வீட்டு மாற்றுச் சாவி என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. கீழே போகப் பதினெட்டுப் படி. நான் எழுந்தேன் மேடம், எழாமல் இல்லை. இழுப்பறையைத் திறந்தேன். சாவியை எடுத்துக்கொண்டு கதவு வரை போனேன். செருப்பைக்கூட மாட்டினேன்.

அப்போது அவர், "தம்பி, மேல இருக்கீங்களா? விழுந்துட்டேன். எந்திரிக்க முடியல" என்றார். தனக்கே கேட்காததால் குரல் ஏறி இறங்கிற்று. எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. அவ்வளவு அமைதியான அறை அது.

கதவுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். எழுந்து போனால் அவர் உயிரோடு இருப்பார். இருந்தால் வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவார்கள். மிஷினைக் கழற்றி யாராவது பார்ப்பார்கள். இதையெல்லாம் அன்றைக்கு இவ்வளவு தெளிவாக நினைத்தேன் என்று சொல்ல முடியாது. நினைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. திரும்ப நன்றாகக் கேட்கும்படி வைத்துவிடுவார்கள் என்பதுதான் முதலில் தோன்றியது.

ஏழு முப்பத்தைந்து வரை கூப்பிட்டார். நடுவில் மகள் பெயரைச் சொன்னார். ஒரு தடவை ஏதோ வாய்ப்பாடு மாதிரி எண்களைச் சொன்னார், நினைவு தப்பாமல் இருக்க முயன்றிருப்பார். பிறகு திரும்பவும் தம்பி, தம்பி என்று. பிறகு இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். காலையில் வாட்ச்மேன் வந்து கூப்பிட்டபோது, சாவியைக் கொடுத்ததும் நான்தான்.

இவ்வளவுதான். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன். ஆனால் இந்த இரண்டாம் பக்கத்தில், அவர் முக்கால் மணி நேரம் கூப்பிட்டும் நான் பதில் சொல்லாமல் இருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் திருத்திவிடுங்கள். அவர் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும், "இருக்கேன் டீச்சரம்மா" என்று நான் பதில் சொன்னேன். மெதுவாகச் சொன்னேன்.